பத்தாயத்துக்குள் இருந்த ஹாக்வார்ட்ஸ்

முதல் ஹாரி பாட்டர் படம் வந்து இருபது வருடம் ஆனதை ஒட்டி எடுத்த 'ரிட்டர்ன் டு ஹாக்வார்ட்ஸ்' ஆவணப்படம் (ஹாக்வார்ட்ஸ் என்பது ஹாரி படிக்கிற மந்திரப் பள்ளிக்கூடம்) 2022 புத்தாண்டு அன்று வெளியானபோது நான் அதைத் தொடவே இல்லை. பழைய பாசத்தை வைத்துக் காசு பார்க்கிற வேலை என்று ஒரு நினைப்பு. இப்போது மழைக்கு வீட்டில் முடங்கிக் கிடந்தபோது போட்டுப் பார்த்தேன். காசு பார்க்கிற வேலைதான், சந்தேகமில்லை. எட்டுப் படங்களையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்கிறார்கள், ஹாரியின் தோழி ஹெர்மயோனியாக நடித்த எம்மா வாட்சனின் சின்ன வயசு போட்டோ என்று எம்மா ராபர்ட்ஸ் என்ற வேறொரு நடிகையின் போட்டோவைக் காட்டிவிட்டு அப்புறம் மாற்றினார்கள். ஆனாலும் பாதியில் எழுந்து போக முடியவில்லை.

எங்களுக்கு இந்தக் கதை குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் மாமி வீட்டில்தான் தொடங்கியது. மாமி மகன், எங்களுக்கெல்லாம் அத்தான், நாகர்கோவிலில் யாரிடமோ இரவல் வாங்கி வருவான். ஒரே புத்தகம், லீவுக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் அதற்கு வரிசை, முதலில் முடித்தவன் கதையை வெளியே விடமாட்டேன் என்று பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ண வேண்டும். மாமி கண்ணில் பட்டால் தொலைந்தோம். “மந்திரவாதம் படிச்சா உருப்படுவியளாலே, அந்தச் சவத்தத் தூக்கிக் கெணத்துல போடுங்க” என்பாள். அதனால் படிக்காத நேரத்தில் அது பத்தாயத்துக்குள் நெல்லோடு கிடக்கும். பக்கத்தைத் திருப்பினால் உமி உதிரும். இதே மாமிதான் ராத்திரி கரண்ட் போனதும் திண்ணையில் உட்கார்ந்து கள்ளியங்காட்டு நீலிப் பேயின் கதை சொல்லி எங்களை ஒண்ணுக்குக்கூடப் போகவிடாமல் பண்ணுவாள். நீலி மாதிரி கள்ளிக்கொம்பைக் கைப்பிள்ளையாக மாற்றுவதையெல்லாம், ஹாக்வார்ட்ஸில் உருமாற்ற மந்திரம் சொல்லிக்கொடுக்கிற மெக்கோனகல் டீச்சர்கூட முதல் வருஷப் பாடத்தில் வைக்கமாட்டார். அது மாமிக்கு மந்திரவாதமாகத் தெரியவில்லை.

நாலாவது புத்தகம் 2000-இல் வந்தது, ஐந்தாவது 2003-இல். நடுவில் மூன்று வருடம் காத்திருப்பு. வில்லன் வால்டமார்ட் திரும்ப வந்துவிட்டான் என்ற இடத்தில் விட்டுவிட்டுப் போனால் மனுஷன் என்ன செய்வான்? ஆற்றுக்கு மேலே வாய்க்கால் தண்ணீர் போகிற மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம். 115 அடி உயரம், கீழே பறளியாறு. இதன் மேலே தண்ணீருக்குப் பதில் ரயில் போனால் அப்படியே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ்தான் என்று அத்தான் சொன்னதும், அடுத்து யார் சாவார் என்பதில் தொடங்கிய சண்டை மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறியும் ஓயவில்லை.

ஆவணப்படத்தில் என்னை உலுக்கிய இடம் இதோடு சம்பந்தப்பட்டது. ஐந்தாவது படம் நெருங்கும் சமயத்தில் இதையெல்லாம் விட்டுப் போய்விடலாமா என்று யோசித்ததாக எம்மா வாட்சன் சொல்கிறார். ஹாரியின் நண்பன் ரானாக நடித்த ரூபர்ட் கிரின்ட்டுக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்திருக்கிறது, ஆனால் இருவரும் அப்போது அதைப் பேசிக்கொள்ளவே இல்லை. பத்துப் பதினோரு வயதில் தேர்வானவர்கள், கடைசிப் படம் 2011-இல் வரும்வரை அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அடுத்தது எப்போ, அடுத்தது எப்போ என்று இங்கே நாங்கள் நச்சரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்தப் பிள்ளை அங்கே வெளியே போக வழி பார்த்திருக்கிறது. கேட்டதும் சங்கடமாகத்தான் இருந்தது. எங்கள் நச்சரிப்பு லண்டன்வரை கேட்டிருக்காது, சரி, ஆனால் உலகம் முழுக்கச் சேர்ந்தல்லவா நச்சரித்தது.

ஹாக்ரிட்டாக நடித்த ராபி கோல்ட்ரேன் பேசுவதையும் சொல்ல வேண்டும். ஐம்பது வருடம் கழித்தும் ஜனங்கள் இதைப் பார்ப்பார்கள், அப்போது நான் இருக்கமாட்டேன், ஹாக்ரிட் இருப்பான் என்கிறார். ஆவணப்படம் வந்த அதே 2022 அக்டோபரிலேயே போய்விட்டார். இது தெரிந்து பார்க்கும்போது அவர் முகத்தைத் தவிர வேறெதிலும் கண் போகவில்லை.

நான் ரீவைண்ட் பண்ணிப் பார்த்தது மட்டும் வேறு இடம். மூன்றாவது படத்தின் இயக்குநர் அல்போன்சோ குவாரோன், மூன்று பேரிடமும் அவரவர் பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எம்மா பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தாராம், ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃப் ஒரே பக்கம், ரூபர்ட் கொடுக்கவே இல்லை. ரான் கொடுத்திருப்பானா என்ன! நடிகர்களை இப்படிப் பிடித்து வைத்ததால்தான் மூன்றாவது படம் மற்ற ஏழையும் விட ஒரு படி மேலே நிற்கிறது என்பது என் கட்சி. அத்தான் இன்றைக்கும் நாலாவதுதான் என்று வாட்ஸ்அப்பில் சாதிக்கிறான், அவனுக்கு டிராகன் பறந்தால் போதும்.