உகந்தை முருகன் போட்ட டியூட்டி

கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடந்து போகிற சாமிமார் தங்கிப் போகும் உகந்தை முருகன் கோயிலில் தொண்டு செய்வது என் அம்மா வைத்த நேர்த்தி. யுத்த காலத்தில் காட்டுப்பாதை மூடிக் கிடந்தபோது, "பாதை திறந்தால் நடந்து வாற சாமிமாருக்கு என் கையால் சோறு போடுவேன்" என்று முருகனிடம் சொல்லி வைத்தவர். பாதை திறந்த நேரம் அவருக்கு எழும்பி நடக்க ஏலாது. எனக்கோ ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்காத தாதி வேலை. 60 வயதில் ஓய்வு பெற்ற பிறகும் விடியப்புறம் தானாக முழிப்பு வரும், போக ஓர் இடமில்லை. களுவாஞ்சிகுடி வீட்டில் அப்படி இருந்த நாட்களில்தான் அம்மாவின் நேர்த்தி நெஞ்சில் வந்து நின்றது.

பொத்துவில், பாணமை தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆட்டோவுக்குக் கேட்ட காசு அநியாயம். கோயிலடியில் அதைவிட நெரிசல். ஒரு கரண்டி சோறு போடுவதைப் பல கோணத்தில் படம் எடுக்கிறார்கள், பசியோடு வந்த சாமி இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அன்னதானம் அப்படியா செய்வது?

சரி, நான் காய் வெட்டத்தான் போனேன். மடத்து வாசலில் ஓர் அம்மா காலைத் தூக்கி மடியில் வைத்து, கொப்புளத்தை ஊக்கால் குத்தப் பார்த்தார். ஓடிப்போய்த் தடுத்து, கழுவித் துடைத்து மருந்து கட்டினேன். நிமிர்ந்தால் பின்னால் வரிசை. அன்று முதல் எனக்கு அதுதான் டியூட்டி. தார் ரோட்டுச் சூட்டில் வெந்த கால்கள், முள் ஏறி வீங்கிய கால்கள். எல்லாம் முருகனைத் தேடி வந்தவை.

அதில் ஓர் ஐயாவை மறக்க முடியாது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதிக் கோயிலில் இருந்தே நடந்து வந்தவர், சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவு உள்ளவர். உள்ளங்காலில் ஒரு ரூபாய்க் குற்றியளவு புண், ஓரம் கறுத்திருந்தது. தொட்டேன், அவருக்குத் தெரியவே இல்லை. கும்புக்கன் ஆறு கடந்து நாட்கணக்கில் காட்டுக்குள் நடக்க அந்தக் கால் தாங்காது என்றேன்.

"முருகன் கூப்பிட்டவன் மிஸ்ஸி, நீங்கள் மறிக்கிறியள்."

எனக்குப் பதில் வரவில்லை. கையைப் பிடித்து உகந்தை முருகனிடமே கூட்டிப் போனேன். பூசை நேரம், தோள்களுக்கு இடையில் வேலின் நுனி மட்டும் தெரிந்தது. ஐயா கனநேரம் பேசாமல் நின்றார். பிறகு இடுப்பில் இருந்த மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, கூட வந்த பொடியனின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "கதிர்காமத்தில போட்டுவிடு தம்பி. நான் இஞ்சையே அவனைக் கண்டிட்டன்." திரை விலகித் தீபம் காட்டினார்கள். டெட்டோல் மணக்கும் கையால்தான் கும்பிட்டேன். அம்மாவுக்காக அழுதேனா, ஐயாவுக்காக அழுதேனா தெரியாது. ஆஸ்பத்திரியில் எத்தனை வருடம் மருந்து கட்டினேன், அந்தக் கையை இதற்காகத்தானா பழக்கி வைத்தாய், முருகா! மலையேறி வள்ளியம்மனைக் கும்பிட்டபோதும் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நன்றி, நன்றி என்றுதான் வாயில் வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் போகிறேன். இப்போது எங்களூரில் ஓய்வு பெற்ற வேறு சிலரும் கூட வருகிறார்கள். சோறு போடும் நேர்த்தியையும் விடவில்லை, கடைசிப் பந்தி என் கையால்தான்.

இம்முறை நடக்கப் போகிற சாமிமாரிடம் ஒன்று கேட்கிறேன். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள், தோலை உரிக்காதீர்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் இரவு படுக்குமுன் உள்ளங்காலைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள், புண் இருந்தாலும் உங்களுக்கு நோகாமல் இருக்கலாம். உகந்தைக்கு வந்ததும் மிஸ்ஸி எங்கே என்று கேளுங்கள். வெட்கப்படாமல் காலை நீட்டுங்கள்.

முருகனுக்கு அரோகரா!