சாகிறதுக்கு முன்னாடி நல்லா ஓடுச்சு: தேங்கா வண்டியோடு நாலு ஞாயிறு

எங்கள் தோட்டத்து வண்டி பழைய மகிந்திரா ஜீப். அப்பாரு 1978-ல் வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து வாங்கியது. வாங்கின கையோடு பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தேங்காய் ஏற்ற வாகாகத் தொட்டி கட்டிவிட்டார். ஊரில் யாரும் அதை ஜீப் என்று சொல்வதில்லை, தேங்கா வண்டிதான். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இதன் கூட்டாளிகள் பலதும் எப்போதோ டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டன. எங்களுடையதில் இன்னும் அந்த 2,199 சிசி ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின்தான். இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் என்று ஒரு தினுசான அமைப்பு. "ஏனுங், இன்னுமா டீசலுக்கு மாத்தாம வெச்சிருக்கறீங்க?" என்று பங்க்கில் ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள்.

சீக்கு முற்றியது மாசியில். காலையில், பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்ளும். சூடேறின பிறகுதான் வம்பு. ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது) குலுங்கும், வேகத்தடையில் பிரேக் மிதித்தால் பொசுக்கென்று நின்றுவிடும். நின்றால் பத்து நிமிஷம் கிளம்பாது. ஆக்ஸிலேட்டரை அடியோடு மிதித்துக்கொண்டு சுற்றினால், கரும்புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பும். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஆறுக்கு வந்துவிட்டது.

முதல் ஞாயிறு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நாலும் விறகடுப்பில் வைத்த வடச்சட்டியின் அடி மாதிரி, தொட்டால் விரலில் ஒட்டும் கரி. புது பிளக் போட்டு 0.75 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் சிபி பாயிண்டை 0.5-க்குச் சரிசெய்தேன். கண்டன்சரும் புதுசு. இரண்டு நாள் ராஜா மாதிரி ஓடியது, மூணாம் நாள் பழைய கதை. பிளக் கறுத்தது பெட்ரோல் அதிகம் இறங்குவதற்குச் சாட்சி. நான் சாட்சியை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சித்தப்பா வந்து பார்த்தார். "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலுங் கண்ணு. கரும்புச் சாராயத்தக் கலந்தா வண்டி பொகையாம என்ன பண்ணும்?" அவருக்கு அரசாங்கத்தின் மேல் வேறு கோபங்களும் உண்டு. ஆனால் கணக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். ஆக, அதே ஜெட்டில் (பெட்ரோலை அளந்துவிடும் ஓட்டை) எத்தனால் கலந்த பெட்ரோல் போனால் கலவை லீன்தான் ஆகும் (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்), ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகாது. பழைய ரப்பரை ஊறவைக்கும், டேங்கின் அடிக்கசடைக் கிளப்பிவிடும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் வழியை அடைக்கிற ஊசியில் அந்தக் கசடு மாட்டினால் ஓவர்ஃப்ளோ ஆகும். அந்த வழியில் மட்டும் சித்தப்பா சொல்வது சரி. அவரிடம் அதை மட்டும் சொன்னேன்.

இரண்டாம் ஞாயிறு ஏர் கிளீனர். ஆயில் பாத் வகை (காற்றிலுள்ள புழுதியை எண்ணெயில் பிடிப்பது), தொட்டியில் எண்ணெய் கோட்டைத் தாண்டி நின்றது, அடியில் தோப்புப் புழுதி களிமண்ணாக. கழுவிக் கோடு வரைக்கும் ஊற்றினேன். புகை கொஞ்சம் குறைந்தது, நிற்பது நிற்கவில்லை.

மூணாம் ஞாயிறுதான் வழி தெரிந்தது. எஞ்சின் சூடாக ஓடும்போது, ஐடிலில் போகும் கலவையை அளக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போனேன். முழுதாக மூடினால் எஞ்சின் நின்றாக வேண்டும். நிற்கவில்லை. அப்படியானால் ஸ்க்ரூவைத் தாண்டி வேறு எங்கிருந்தோ பெட்ரோல் இறங்குகிறது. ஏர் கிளீனரை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன் (பக்கத்தில் யாரும் பீடி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்). ஐடிலில் வறண்டிருக்க வேண்டிய மெயின் குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டு, நடுங்கி, உள்ளே விழுந்தது. பின்னாலேயே அடுத்தது.

ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். பம்ப்புக்கு வரும் டேங்க் ஹோஸைப் பிடுங்கி போல்ட்டால் அடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டேன். முதலில் அதே குலுக்கல், அதே நாற்றம். ஒன்றரை நிமிஷம் போல ஆனதும் குலுக்கல் அடங்கியது. சைலன்சர் சத்தம் சீரானது. நான் எதையும் தொடவில்லை, ரேஸ் தானாக ஏறியது. இந்த வருஷத்தில் அந்த எஞ்சின் அவ்வளவு அழகாக ஓடி நான் கேட்டதில்லை. இருபது விநாடி இருக்கும், அப்புறம் பெட்ரோல் தீர்ந்து செத்துப்போனது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் இறங்க இறங்கக் கலவை சரியாகி, அதையும் தாண்டி லீனாகி நின்றிருக்கிறது. மட்டம்தான் கோளாறு.

சோலெக்ஸ் கார்புரேட்டரின் மூடியைக் கழற்றினேன். கிண்ணத்தில் மிதந்து, பெட்ரோல் நிறைந்ததும் ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும் பித்தளை ஃப்ளோட்டைக் காதோரம் வைத்து ஆட்டினால், எளநியில் தண்ணி ஆடுகிற மாதிரி சத்தம். அடுப்பிலிருந்து இறக்கி வெளியே கொண்டுவந்த சுடுதண்ணியில் அமுக்கினேன். தையலோரம் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக வந்தன. ஃப்ளோட் வெயிட் ஏறி மூழ்கியிருந்தால் ஊசியை எப்படி மேலே தள்ளும்?

அடுத்தது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஊசி வால்வுக்கு அடியில் வாஷர் இல்லை. அது இல்லாவிட்டால் வால்வு மேலேறி உட்கார்ந்து மட்டம் கூடும், மரையோரமாகவும் பெட்ரோல் கசியும். கார்புரேட்டரைக் கடைசியாகப் பிரித்தது தீபாவளிக்கு, நான்தான். வாஷர் என் நட்டு டப்பாவிலேயே கிடந்தது.

ஃப்ளோட்டின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே இருந்ததை வடித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். உள்ளே ஆவி மிச்சமிருக்க, சூட்டுக்கோலைக் கொண்டுபோனால் வெடித்துவிடும். பொள்ளாச்சியில் ரேடியேட்டர் பத்தவைக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். "ஈயம் கம்மியா வைங்கண்ணா, வெயிட் ஏறுனா மறுபடியும் மூழ்கும்" என்றதற்கு, "அது எனக்குத் தெரியாதுங்களா தம்பி" என்று ஒரு பார்வை பார்த்தார். அரிசி அளவுதான் வைத்திருந்தார். பக்கத்து நகைக்கடையில் நிறுத்தேன். வடிக்கும் முன் நிறுத்ததைவிட 2 கிராம் கம்மி. ஊசியும் தேய்ந்திருந்தது, உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடிக் கிடைத்தது. ஊசியை விரலால் லேசாகத் தாங்கிக்கொண்டு குழாயில் ஊதினால் காற்று போகவில்லை. வாயில் ரெண்டு நாளைக்குப் பெட்ரோல் நாற்றம்.

மாட்டி ஓட்டினால் முக்கால்வாசி சரி. ஆனாலும் கொஞ்சம் புகை. இந்த சோலெக்ஸில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லை. பக்கத்தில் ஓட்டை போட்ட ஒரு வட்டத் தகடு இருக்கிறது. கேபிளை இழுத்தால் அது திரும்பித் தனி ஜெட்டைத் திறந்துவிடும். அரைகுறையாகத் திறந்து கிடந்தால் மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாலாம் ஞாயிறு கைப்பிடியை முழுக்க அமுக்கிவிட்டு லீவரைப் பார்த்தேன். துருப்பிடித்த கேபிள் 3 மில்லிமீட்டர் பாக்கி வைத்திருந்தது. புதுக் கேபிள் போட்டதும் மிக்ஸர் ஸ்க்ரூவை மூடினால் எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றதற்குச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் வந்ததால் ஆயிலையும் மாற்றினேன். தண்ணியாக ஓடியது.

வியாழக்கிழமை லோடு ஏற்றிக்கொண்டு போனேன். பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை நாள். நெரிசலில் இருபது நிமிஷம் முதல் கியரும் நியூட்ரலுமாக நகர்ந்தோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. கைப்பழக்கத்தில் கால்தான் சும்மா சும்மா ஆக்ஸிலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று மிதித்தால் இன்னும் ஒரு நொடி திணறுகிறது. ஆக்ஸிலேட்டர் பம்ப் டயாபிரமாக (மிதித்ததும் பெட்ரோலைப் பீச்சும் சவ்வு) இருக்கும், அடுத்த ஞாயிறு பிரிக்கிறேன். இந்தத் தடவை வாஷரை எண்ணிவிட்டுத்தான்.