ஒக்கியிலிருந்து அவரைக் கரையேற்றிய ஆண்டவருக்கு

2017 நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். மீன்பிடித்துப் பிழைத்த அந்த அப்போஸ்தலரின் நாளில்தான் ஒக்கி புயல் எங்கள் குமரிக் கடற்கரையைப் புரட்டிப் போட்டது. என் வீட்டுக்காரர் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருந்தார். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் படகு வயர்லெஸ் எட்டாத தூரத்தில்.

மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து மாவட்டமே இருண்டு கிடந்தது. கோயில் ஜெனரேட்டரில்தான் போனுக்குச் சார்ஜ். ஊரார் போன்களெல்லாம் ஒரே மேசையில் கிடக்கும். எது அடித்தாலும் அத்தனை பெண்களும் எழும்புவோம். மறுபடி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஜெபமாலை சொல்லுவோம். மாமி வாய்விட்டுச் சொல்வார். எனக்குத் தொண்டை அடைத்துவிடும். "ஆண்டவரே, அவரைக் கரையேற்றும்" என்பதற்கு மேல் எனக்கு ஜெபமே வரவில்லை.

ஒருநாள் தெரியாத நம்பர். "நான்தான். கல்பேனியில இருக்கோம். எல்லாரும் இருக்கோம்." லட்சத்தீவு! அவர் குரல் தேய்ந்துபோயிருந்தது. நான் அழுததில் மேசையைச் சுற்றி நின்றவர்களும் அழுதார்கள்.

இன்ஜின் நின்றுபோய், படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸின் கண்ணாடியை அலை உடைத்து உள்ளே வந்ததாம். ஐஸ் அறையில் ஏறிய தண்ணீரை முறைவைத்து வாளியால் இறைத்திருக்கிறார்கள். இறைக்காத நேரமெல்லாம் ஜெபம். ஒதுங்கிய தீவில் ஓர் இஸ்லாமியக் குடும்பம் சோறும் உடுக்கத் துணியும் கொடுத்தது. அவர்களுக்காகவும் இன்றுவரை நாங்கள் ஜெபிக்கிறோம்.

திருப்பாடல் 107-ல் கடலில் போனவர்களைப் பற்றி வரும். அவர்கள் கூப்பிட, ஆண்டவர் புயலை அடக்கித் துறைமுகத்தில் சேர்ப்பார். அதை இப்போது வாசித்தால் எனக்கு அந்தப் படகுதான் தெரிகிறது. இது ஆண்டவர் செய்தது என்பது எனக்குத் தெளிவு. அதை ஊரறியச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் வரவில்லை. அக்காவும் அதே மேசையருகே, அதே ஜெபமாலையைத்தான் சொன்னார். ஏன் என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன், இன்றும் கேட்கிறேன். என் ஜெபம் பெரிது என்று நினைத்தால் அது நன்றியே அல்ல. டிசம்பர் 7 அன்று, காணாமல் போனவர்களைத் தேடச்சொல்லி குழித்துறை ரயில் நிலையத்தில் ஊர் ஊராக மறியலுக்கு உட்கார்ந்தபோது நானும் அக்காவோடு தண்டவாளத்தில் உட்கார்ந்தேன். அவர் கூப்பிடவில்லை, எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

ஆண்டுதோறும் அந்திரேயா திருநாள் பூசையில் வேண்டிக்கொள்ள இரண்டு ஜெபக் கருத்து எழுதிக் கொடுக்கிறேன்: ஒன்று நன்றிக்கு, ஒன்று அந்த அண்ணனின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. முதல் வருஷம் நன்றிக் கருத்தை எழுதக் கை தயங்கியபோது, "எழுதுடீ, அவன் வந்தது எனக்கும் சந்தோஷம்தான்" என்று சொன்னது அக்காதான்.