மாத்திரை நேரம் தெரிந்தவர்

திண்டுக்கல் பக்கம், முற்றிய புற்றுநோயோடு வீட்டில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கும் குழு ஒன்றில் நர்ஸாக வேலை செய்கிறேன். அதற்கு முன் சில வருடங்கள், குணமாக வழியில்லாதவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹாஸ்பிஸில் இருந்தேன். இரண்டு இடத்திலும் படுத்திருப்பவர் பெரும்பாலும் யாருக்கோ அப்பா, அல்லது அம்மா. ஒரு வீட்டுக்குள் முதல் தடவை நுழைந்ததும் நான் கேட்பது, “கடைசியா மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?” என்பதுதான். கூடத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள். எல்லோரும் ஒருவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். மகளோ மருமகளோ, சில வீடுகளில் கல்யாணம் ஆகாத மகனோ, அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நேரத்தைச் சொல்வார். அன்றிலிருந்து அந்த வீட்டில் படுத்திருப்பவரோடு அவரும் என் பொறுப்பு.

அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, மலம் மூத்திரம் எடுப்பது, இரவில் முழித்திருப்பது எல்லாம் அவர். ஆனால் எந்த ஆஸ்பத்திரி, டியூப் போடலாமா, நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா என்று முடிவெடுக்கும்போது அவரை யாரும் கேட்பதில்லை. பெரிய மகன் சொல்வார், சித்தப்பா சொல்வார், மெத்தப் படித்த மருமகன் போனில் சொல்வார். என் வேலையில் பாதி வலிக்கு மருந்து கொடுப்பது என்றால், மீதிப் பாதி மாத்திரை நேரம் தெரிந்த அந்த ஒருவரின் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பு வாங்கித் தருவது என்றே நினைக்கிறேன்.

அதற்கு முதலில் வலி அடங்க வேண்டும். வலியில் கத்தும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பிள்ளையும் எதையும் யோசிக்க முடியாது.

பூட்டுப் பட்டறையில் காலமெல்லாம் உழைத்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தோம். புகையிலைப் பழக்கம். கன்னத்தில் வந்த புற்று வெளியே உடைத்துக்கொண்டு புண்ணாகி இருந்தது. கதிர்வீச்சு, மருந்து எல்லாம் முடிந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். வாடை தாங்காமல் பேரப் பிள்ளைகள் அந்த அறைப் பக்கம் வருவதில்லை. இளைய மகள்தான் பார்த்துக்கொண்டார். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரையை நாங்கள் எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “சிஸ்டர், அது கடைசி மருந்துல்ல? அதக் கொடுத்தா மயக்கத்துலயே போயிருவாங்கன்னு சொன்னாங்களே” என்றார். இந்தப் பயம் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.

மார்பின் கொடுப்பதில் இருக்கும் சூட்சுமமே நேரம்தான். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல. முந்தைய மாத்திரையின் வேகம் இறங்குவதற்குள் அடுத்தது போக வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவு படுக்கும்போது டாக்டர் இரட்டை அளவு எழுதுவார், நோயாளியும் பிள்ளையும் விடியும்வரை தூங்குவதற்காக. இடையில் வலி குத்தினால் கொடுக்கத் தனி மாத்திரை உண்டு. அதை எத்தனை முறை கொடுத்தோம் என்று எழுதி வைத்தால் அடுத்த வாரம் அளவைச் சரி செய்ய அதுவே கணக்கு. முதல் சில நாள் குமட்டும், தூக்கம் வரும், அப்புறம் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. அதனால் பேதி மாத்திரையை மார்பினோடு சேர்த்தே ஆரம்பிக்கிறோம். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில், சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் மார்பின் உயிரைப் பறிப்பதில்லை. மூச்சுத் திணறலுக்கும் அதையேதான் குறைந்த அளவில் கொடுக்கிறோம்.

நேரப்படி கொடுக்கும் இந்த முறையை உலகத்துக்குப் புரிய வைத்தவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக ஆரம்பித்து, சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடம்பு வலி, மனசு வலி, குடும்பக் கவலை, கடவுள் மீதான கோபம் எல்லாம் சேர்ந்ததுதான் சாகப்போகிறவரின் வலி என்று சொன்னவரும் அவர்தான். இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா என்ற ஹாஸ்பிஸ் வந்தது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய அமைப்பு, வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வழியை நமக்குக் காட்டியது. நாங்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகும் மருந்துப் பை அந்த வழியில் வந்தது.

ஆனால் மருந்து? மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபின் விளைகிறது, மார்பினுக்கான மூலப்பொருள் நம் நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிறது. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு அத்தனை லைசென்ஸ், அத்தனை பயம். பல ஆஸ்பத்திரிகள் மார்பின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி விதிகளை எளிமையாக்கினார்கள். இருந்தும் அந்த இடைப்பட்ட காலத்தில் படித்து வந்த பல டாக்டர்கள் மார்பினை எழுதிப் பழகவே இல்லை. வலியில் துடித்தபடி செத்துப்போனவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மாத்திரை விலை ஒரு காரணமே இல்லை. மலிவான மருந்து அது.

அந்தப் பெரியவர் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். புண்ணில் கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போட மகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். வாடை குறைந்ததும் கடைசிப் பேரன் வாசற்படி வரை வந்தான், அப்புறம் கட்டில் வரை. மகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்து நேரம், அளவு, வலி எவ்வளவு என்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவர் எழுதிய மாதிரி ஒழுங்காக எந்த வார்டிலும் நான் குறிப்பைப் பார்த்ததில்லை.

உண்மையை மறைப்பது இன்னொரு பாரம். “அம்மாவுக்கு கேன்சர்னு தெரியாது சிஸ்டர், சொல்லிடாதீங்க” என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்வார்கள். பாசத்தில் செய்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெரும்பாலான அம்மாக்களுக்குத் தெரியும். முடி கொட்டியது, கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில் காலியானது எல்லாம் அவர்கள் கண்ணெதிரே நடந்தவை. கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்த ஒரு அம்மா, மகள் காப்பி போடப் போன நேரத்தில் என்னிடம் சொன்னார்: “எனக்குத் தெரியும் தாயி. அவ அழுவான்னுதான் கேக்காம இருக்கேன். பேங்க்ல நகைய அடகு வச்சிருக்கேன், ரசீது எம் பேர்ல இருக்கு. நான் இருக்கும்போதே திருப்பணும்ல.”

அந்த அம்மா மரணத்தைப் பற்றித் தத்துவமாக எதுவும் பேசவில்லை. அவருக்கு வேலை பாக்கி இருந்தது. அடகு வைத்தவர் உயிரோடு இருக்கும்போது நகையை மீட்பது ஒரு காலை வேலை. அவர் போன பிறகு வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் கையெழுத்து என்று மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். “அம்மாவுக்கு என்ன தெரியும்னு அம்மாகிட்டயே கேளுங்க. நீங்க எதையும் சொல்ல வேண்டாம், கேட்டா போதும்” என்று மகளிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் இருவரும் பேசியிருக்கிறார்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ஆட்டோவில் அம்மாவைப் படுக்க வைத்தே பேங்குக்குக் கூட்டிப்போய் நகையை மீட்டார்கள். எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. தெரிந்துகொள்ள விரும்பாத நோயாளிகளும் உண்டு. அவர்கள் கேட்காததை நாங்கள் திணிப்பதில்லை.

சாப்பாட்டுச் சண்டைக்கு வருகிறேன். பார்த்துக்கொள்பவரை ஆழமாகக் காயப்படுத்துவது இதுதான். கடைசிக் கட்டத்தில் உடம்புக்குச் சாப்பாடு வேண்டியிருப்பதில்லை. நோய் முற்றியதால் பசி அடங்குகிறது. சாப்பிடாததால் நோய் முற்றுவதில்லை. இது உறவுக்காரர்களுக்குப் புரியாது. பார்க்க வருகிறவர்கள், “ஏம்மா, ஒரு வாய் கஞ்சி கூடவா ஊத்தல? பட்டினி போட்டே கொன்னுருவ போல” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். இரவெல்லாம் விழித்த அந்தப் பிள்ளை அந்த வார்த்தையைச் சாகும்வரை சுமக்கும். அதனால் உறவுக்காரர்கள் இருக்கும்போதே, சத்தமாக, “சாப்பாட்டுக்கு யாரும் வற்புறுத்த வேண்டாம்னு நாங்கதான் சொல்லியிருக்கோம். முழுங்க முடியாதவருக்கு ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும்” என்று நானே சொல்கிறேன். குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள். கடைசி நாட்களில் ஏற்றும் பாட்டில் பெரும்பாலும் கால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தான் முடியும். வறண்ட வாயை நனைத்த பஞ்சால் துடைத்து, உதட்டில் தேங்காயெண்ணெய் தடவினால் அவருக்குச் சுகமாக இருக்கும்.

வெளியூரில் இருக்கும் அண்ணன் அப்போதுதான் வருவார். பூட்டுப் பட்டறைப் பெரியவருக்கும் ஒரு மூத்த மகன், வளைகுடாவில் வேலை. பொங்கலுக்கு வந்தபோது எழுந்து நடந்த அப்பா இப்போது எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். வந்த வேகத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு மதுரைக்குக் கொண்டுபோய் ஐசியூவில் சேர்க்க வேண்டும் என்றார், தங்கையைத் திட்டினார். அவரை நான் தப்பாக நினைக்கவில்லை. தங்கை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழுது தீர்த்ததை அவர் ஒரே மதியத்தில் அழ வேண்டியிருந்தது. ஆனால் அந்த அழுகைக்கு அப்பாவின் கடைசி வாரம் விலையாகிவிடக் கூடாது.

நாங்கள் செய்தது இரண்டு காரியம். முதலாவதை அவர் வருவதற்கு முன்பே செய்திருந்தோம். பெரியவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த நாளில், டாக்டர் முன்னிலையில், எங்கே இருக்க ஆசை என்று கேட்டோம். “இந்தக் கட்டில்லயே இருக்கேன், எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க” என்றார். வீடியோ காலில் மகனும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. வேண்டாத சிகிச்சையை மறுத்து முன்கூட்டியே எழுதி வைக்கும் நடைமுறையையும் 2023இல் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில் எழுதினாலே போதும் என்றது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் யாரும் அப்படி எழுதுவதில்லை. பிள்ளைகள் எல்லோரும் கேட்க அப்பா வாயால் சொன்னது சட்டப்படி ஆவணம் ஆகாது. ஆனால் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது ஒரு குடும்பத்தைப் பிடித்து நிறுத்த அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது, மகனுக்கு வேலை கொடுத்தது. நோட்டைத் தங்கையிடம் வாங்கி அவர் கையில் கொடுத்து, இரவு மாத்திரை உங்கள் பொறுப்பு என்றேன். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று தங்கையையே சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். இடுப்பில் சிவந்திருந்த இடத்தைக் காட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் புண்ணாகிவிடும் என்று அந்தப் பெண் சொன்னபோது, அண்ணன் மறுபேச்சு பேசவில்லை. ஒரு இரவு முடிந்ததும் ஐசியூ பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

கடைசி நாட்களில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் பழக்கம். நிறையத் தூங்குவார். கை கால் சில்லிடும், முழங்காலில் நீலத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாக வரும், நிற்கும், மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்கும் நமக்குத்தான் அது கொடுமை, பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நாங்கள் தோலுக்கடியில் ஒரு ஊசி போடுவோம். காதில் விழும் என்று நினைத்தே பேசுங்கள். இறந்த பிறகு யாருக்குப் போன் செய்வது, இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுக்கும் டாக்டர் யார், 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது வரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். பால் ஊற்றுவதை நான் தடுப்பதில்லை. மடக்கு மடக்காக வேண்டாம், விரலால் தொட்டு உதட்டில் வையுங்கள் என்பேன். பிள்ளைகளுக்கு அது தேவை.

பெரியவர் ஒரு விடிகாலையில், மகனும் மகளும் பக்கத்தில் இருக்க, இறந்தார்.

காரியம் முடிந்ததும் ஒருமுறை போவது எங்கள் குழுவின் வழக்கம். மிச்சமிருக்கும் மார்பினை எண்ணித் திரும்ப வாங்கி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வருத்தம் விசாரிக்கவும் வேண்டும். மகள் மாத்திரை அட்டைகளையும் நோட்டையும் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சிஸ்டர், கடைசி ராத்திரி ரெண்டு மணிக்கு அண்ணன் தூங்குதுன்னு நான்தான் ஒரு மாத்திரையைக் கரைச்சு ஊத்துனேன். அதுனாலதான் போயிட்டாங்களா?” என்று கேட்டார்.

நோட்டைப் பிரித்து இருவரும் பார்த்தோம். வாரக்கணக்காக அதே அளவு. கடைசி இரண்டு நாளில் மூச்சு மாறியது, மூத்திரம் குறைந்தது எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருந்தது. அந்த இரவுக்கு வெகு முன்பே தொடங்கியவை. ஒவ்வொன்றாகக் காட்டி, “மாத்திரையால இல்லம்மா. அப்பா வலி இல்லாம போனாங்க, அதுக்குத்தான் அந்த மாத்திரை” என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார், இன்னொரு முறை சொன்னேன்.

நாங்கள் செய்வது போன்ற வலி நிவாரண ஆதரவு சிகிச்சை இப்போது, 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ இந்தக் கட்டத்தில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள். கேட்கப் போகும்போது மாத்திரை நேரம் தெரிந்தவரையும் கூட்டிப் போங்கள். பேச வேண்டியவர் அவர்தான்.