‘ஒத்துக்கொள்ளாது’ என்றால் என்ன?

மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராகச் சேர்ந்த முதல் ஆண்டில், உள்நோயாளிகளின் உணவுப் படிவத்தை நிரப்புவதே என் அன்றாட வேலை. அதில் ‘ஒவ்வாமை’ என்று ஒரு கட்டம் இருக்கும். “பால் ஒத்துக்காது”, “முட்டை சேராது” என்று நோயாளிகள் சொல்வதை அப்படியே அதில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவேன். நம் பேச்சில் ‘ஒத்துக்காது’ என்பது வயிற்று உப்புசத்தையும் குறிக்கும், மூச்சு அடைப்பதையும் குறிக்கும், சில சமயம் வெறுமனே பிடிக்காததையும் குறிக்கும் என்பதை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

வேறொரு சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் தாய், “பால் கொடுத்தா ஒத்துக்கவே மாட்டேங்குதுங்க, வாந்தி எடுத்துடுறா” என்றார். பாலில் உள்ள சர்க்கரைதான் செரிக்கவில்லை என்று நானாகவே முடிவுகட்டி, லாக்டோஸ் என்ற அந்தச் சர்க்கரையை நீக்கிய பாலைப் பரிந்துரைத்தேன். அதைக் குடித்த பத்து நிமிடங்களுக்குள் குழந்தையின் உதடுகள் வீங்கின. உடம்பெங்கும் தடிப்புகள் எழுந்தன. இருமலோடு குரலும் கரகரத்தது. செவிலியர் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க, தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போடப்பட்டது. குழந்தை தேறினாள் என்றாலும், அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரக்கூடும் என்பதால் அன்றிரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்தார்கள். நானும் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் அந்தத் தாயிடம் நிதானமாக உட்கார்ந்து பேசியபோது, பால் பட்ட இடமெல்லாம் குழந்தைக்குச் சிவந்துவிடும் என்பதும், ஒரு துளி போதும் என்பதும் தெரியவந்தன. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

பால் ஒவ்வாமையில் உடல் எதிர்ப்பது பாலின் சர்க்கரையை அல்ல, கேசீன் போன்ற புரதங்களை. ஆபத்தில்லாத அந்தப் புரதத்தைப் பகையாக எண்ணி நோய் எதிர்ப்பு மண்டலம் முன்பே உருவாக்கி வைத்திருக்கும் ஐ.ஜி.ஈ. என்ற வகை எதிர்ப்பொருள்கள், அம்மண்டலத்தைச் சேர்ந்த மாஸ்ட் செல்களின் மேல் காத்துக்கொண்டிருக்கின்றன. புரதம் மீண்டும் வந்ததும் அச்செல்கள் ஹிஸ்டமினையும் பிற வேதிப்பொருள்களையும் கொட்டிவிட, பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலும் மூச்சுக்குழலும் இரத்த அழுத்தமும் பாதிக்கப்படுகின்றன. லாக்டோஸை நீக்கினாலும் புரதம் அப்படியேதான் இருக்கிறது. பாலின் சர்க்கரை செரிக்காத சகிப்பின்மை வேறு கதை. சிறுகுடலில் லாக்டோஸைச் செரிக்கவைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்திருந்தால், செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கிறது. உப்புசமும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. இதில் அளவுதான் எல்லாமே: லாக்டேஸ் குறைந்த பெரியவர்களில் பலரும் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு குவளைப் பாலை, பெரிய தொல்லையின்றித் தாங்குவார்கள். அந்த நொதி இயல்பாகக் குறையத் தொடங்குவதும் பொதுவாக இரண்டு வயதுக்குப் பிறகுதான். குழந்தையின் வயதே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

இப்போது பயிற்சிக்கு வருபவர்களுக்கு 1921-இல் பிராவுஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்ற இரு ஜெர்மன் மருத்துவர்கள் செய்த சோதனையை நான் தவறாமல் சொல்வேன். மீன் ஒவ்வாமை இருந்த கூஸ்ட்னரின் இரத்தச் சீரத்தைப் பிராவுஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அங்கே தடிப்பு எழுந்தது. ஒருவருடைய ஒவ்வாமை இரத்தத்தின் வழியே இன்னொருவரின் தோலுக்குப் போயிற்று. நொதிக் குறைபாட்டை அப்படிக் கடத்தவே முடியாது. இதைவிடத் தெளிவாக இந்த வேறுபாட்டை விளக்கும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் சிறியதல்ல. ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகை எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தப் பரிசோதனை ஒன்றை நம்பிப் பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி, எடை குறைந்து வந்த முதியவர் ஒருவரைப் பார்த்தேன். அந்த எதிர்ப்பொருள் ஓர் உணவை நாம் உண்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளமே தவிர நோய்க்கு அடையாளமல்ல. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்ததில், பால் அதிகமானால் வரும் உப்புசம் ஒன்றுதான் உண்மையாக இருந்தது. “இத்தனை நாள் வீணாப் பட்டினி கிடந்துட்டேனே” என்று அவர் சொன்னது இன்னும் என் மனத்தை வருத்துகிறது.

ஒத்துக்காது என்று யார் சொன்னாலும் இப்போது நான் பேனாவை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன்: என்ன ஆகும், எவ்வளவு நேரத்தில் ஆகும், எவ்வளவு சாப்பிட்டால் ஆகும். பதில்கள் ஒவ்வாமையின் பக்கம் சாய்ந்தால், உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். தோல் குத்துச் சோதனையின் முடிவுகூட நோயாளி சொல்லும் வரலாற்றோடு சேர்ந்தால்தான் பொருள்படும்.

அந்தக் குழந்தை ஐந்து வயதில் மீண்டும் வந்தாள். பால் ஒவ்வாமை பலருக்கு வளர வளர நீங்கிவிடும் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில் உணவுச் சவால் சோதனைக்கு ஏற்பாடாகியிருந்தது. அட்ரினலினை அருகில் வைத்துக்கொண்டு, அரை மில்லிலிட்டரில் தொடங்கி, இடைவெளி விட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். தாயும் நானும் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி அளவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கழிந்தது. படிவத்தில் ‘பால்’ என்றிருந்ததை மருத்துவர் அடித்துவிட்டு என்னிடம் நீட்டினார், நான் கையொப்பமிட்டேன்.