சர்க்கரை நோயாளிக்குத் தொடை வலி: எம்.டி. செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

சென்னையில் எம்.டி. பொது மருத்துவத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் சர்க்கரை நோய் கேஸ் என்றதும் கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். தொடைக்கு வந்தால்தான் தடுமாற்றம். அங்கே இரண்டு நோய்கள் இருக்கின்றன: டயபெட்டிக் மயோநெக்ரோசிஸ், டயபெட்டிக் அமையோட்ரபி. இரண்டுமே அரிது. முதலாவதில் தசைக்கு ரத்தம் போகாமல் தசையே செத்துப்போகிறது. இரண்டாவதில் நரம்பு கெட்டு, அதனால் தசை கரைகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்த வேறுபாட்டைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

பாதி விடை நோயாளியின் வாயிலேயே கிடைக்கும். "தொடை கடுக்குது டாக்டர்" என்பார். அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். "ஐயா, வலி திடீர்னு வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சா? தொடை வீங்குச்சா, சூம்பிப் போச்சா?" என்று கேளுங்கள். ஓரிரு நாளில் வலி பிடித்து, தொடை வீங்கி, தொட்டால் கட்டி போல இறுக்கமாக இருந்தால் மயோநெக்ரோசிஸ் பக்கம் போங்கள். முதலில் தாங்க முடியாத வலி, இரவில் இன்னும் அதிகம், சில வாரத்தில் மாடிப்படி ஏற முடியாமல் போனது, பேன்ட் லூசாகிற அளவுக்கு எடை குறைந்தது என்றால் அமையோட்ரபி. பலக்குறைவைக் கேட்க ஊர் வழக்கமே போதும்: தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துத்தான் ஏறுகிறாரா, நடக்கும்போது முழங்கால் மடங்கி விழுகிறாரா. செருப்பு கழன்று போவது தெரிகிறதா என்ற கேள்வி பாத நரம்புக்கானது. அதையும் கேளுங்கள், ஆனால் தொடைக்கு அது விடை தராது.

இன்னொன்றை விட்டுவிடாதீர்கள்: தைலம் தேய்த்து நீவினார்களா, புத்தூர் கட்டு போட்டார்களா, தொடையில் இன்சுலின் ஊசி போடுகிறாரா, கொழுப்பு மாத்திரை எப்போது ஆரம்பித்தார். வீங்கிய தொடையை நீவிவிட்டபின் வருகிறவரிடம் ரத்தக்கட்டு, சீழ் இரண்டையும் நினைக்க வேண்டியிருக்கும்.

பரிசோதனைக்கு இன்ச் டேப் கட்டாயம். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் குறித்து, இரண்டு தொடையையும் அதே உயரத்தில் அளந்து எண்ணைச் சொல்லுங்கள். "லேசா சூம்பியிருக்கு" என்பதற்கு மதிப்பில்லை. அடுத்தது ரிஃப்ளெக்ஸ், அதாவது சுத்தியலால் தட்டினால் தசை தானாகத் துடிப்பது. நெடுநாள் சர்க்கரை நோயாளிக்குக் கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே போயிருக்கும். ஒரு பக்கம் மட்டும் முழங்கால் ரிஃப்ளெக்ஸ் போயிருப்பதுதான் அமையோட்ரபிக்குக் குறி. இல்லை என்று சொல்வதற்கு முன் நோயாளியைக் கைவிரல்களைக் கோத்து இழுக்கச் சொல்லி மறுபடி தட்டிப் பாருங்கள். பிறகு அடக்டர் தசைகளை (தொடையை உள்பக்கம் இழுப்பவை) சோதியுங்கள். பலர் மறப்பது இதைத்தான். அடக்டருக்கு வருவது ஆப்டுரேட்டர் நரம்பு. குவாட்ரிசெப்ஸோடு (தொடையின் முன்பக்கத் தசை) அடக்டரும் பலமிழந்திருந்தால், குவாட்ரிசெப்ஸுக்கு வரும் ஃபெமொரல் நரம்பு மட்டும் கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. கோளாறு பிளெக்ஸஸிலோ (நரம்புப் பின்னலிலோ) நரம்பு வேரிலோ இருக்கிறது.

அமையோட்ரபியை ப்ரன்ஸ் 1890-இலேயே எழுதிவிட்டார். கார்லண்ட் 1955-இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். பெரும்பாலும் 50 வயது தாண்டிய டைப் 2 நோயாளிக்கு, சர்க்கரை ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கும்போதே வரும். எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) நன்றாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடக் கூடாது. நரம்பின் நுண்குழாய்களில் அழற்சி, அதனால் ரத்த ஓட்டக்குறை: இதுதான் இன்று ஏற்கப்பட்ட விளக்கம். சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுகாலுக்கும் பரவலாம். ஸ்டீராய்டு கேள்வி நிச்சயம் வரும். வலியைக் குறைக்க உதவலாம், பலம் திரும்புவதற்கு உறுதியான சான்று இல்லை, கொடுத்தால் சர்க்கரை ஏறும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். குணமாக மாதக்கணக்கில், சிலருக்கு 2 ஆண்டு வரைகூட ஆகும். முழங்கால் மடங்கி விழாமல் காக்கும் பிசியோதெரபி இங்கே முக்கியம்.

மயோநெக்ரோசிஸில் அதே பிசியோதெரபி, கடும் வலிக் கட்டத்தில், தீங்கு செய்யும். இந்த முரணை வைத்தே ஒரு கேள்வி கேட்கலாம். மயோநெக்ரோசிஸை ஆங்கர்வால், ஸ்டெனர் இருவரும் 1965-இல் முதலில் விவரித்தார்கள். பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி, கண்ணும் சிறுநீரகமும் ஏற்கெனவே கெட்ட நோயாளியையே பெரும்பாலும் பிடிக்கும். தொடையின் முன்பக்கத் தசைகள் முதலிடம், கெண்டைக்கால் அடுத்தது. காலில் நாடித் துடிப்பு பொதுவாகக் கிடைக்கும், ஏனெனில் அடைப்பு நுண்குழாய்களில். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். ஏறும். தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சி.கே. நார்மலாகவே இருக்கலாம், முக்கியமாகத் தாமதமாக வந்தால். சி.கே. ஏறவில்லை, அதனால் தசை நோய் இல்லை என்ற பதில் கேஸையே கவிழ்த்துவிடும்.

முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து டி.வி.டி. (காலின் ஆழ் சிரையில் ரத்தக்கட்டு) இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு எம்.ஆர்.ஐ. டி2 படத்தில் தசையும் சுற்றுப்புறமும் நீர் கோத்து வெள்ளையாகத் தெரியும். சிறுநீரகம் பழுதானவர் என்பதால் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி கேட்கும் முன் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) பாருங்கள். 30-க்குக் கீழே என்றால் நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ் (தோலும் உள்ளுறுப்பும் தடித்து இறுகும் நோய்) அபாயத்தைச் சொல்லி, கான்ட்ராஸ்ட் இல்லாத படமே போதும் என்று சொல்லலாம். பயாப்சி (தசைத்துண்டு வெட்டிப் பார்ப்பது) வழக்கமாக வேண்டாம். வெட்டிய இடம் ஆறத் தாமதமாகும், தொற்று வரும், குணமாகும் காலம் நீளும். காய்ச்சல், வெள்ளணு ஏற்றம், அல்ட்ராசவுண்டில் திரவம் தென்பட்டால் மட்டும் பாதை மாறும். அது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் பயோமயோசைட்டிஸாக (தசையில் சீழ் பிடிப்பதாக) இருக்கலாம், சீழை வெளியேற்றித்தான் ஆக வேண்டும்.

மயோநெக்ரோசிஸுக்குச் சிகிச்சை எளிது: ஓய்வு, வலி மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, பலர் சேர்ப்பது குறைந்த அளவு ஆஸ்பிரின். வலி மாத்திரையை எழுதும்போது டைக்ளோஃபெனாக் என்று பழக்கத்தில் கை போய்விடும். இந்த நோயாளியின் கிரியேட்டினினை, அதாவது பழுதான சிறுநீரகத்தை நினைத்துப் பாரசெட்டமாலில் தொடங்குங்கள். சில வாரங்களிலிருந்து மாதங்களில் ஆறிவிடும், ஆனால் அதே தொடையிலோ மறு தொடையிலோ திரும்பவும் வரும் வாய்ப்பு கணிசம். டிஸ்சார்ஜ் சீட்டில் அதை எழுதி, "மறுபடி வீங்கினா நீவாம நேரா இங்க வாங்க" என்று வீட்டாரிடமும் சொல்லுங்கள்.