தேம்ஸ் கரையில் விடிய விடிய

2022 செப்டம்பர் 8-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் எலிசபெத் ராணி இறந்துபோனார். அடுத்த வாரம் லண்டனில் யாரைப் பார்த்தாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீங்க க்யூவுக்குப் போறீங்களா?" எந்த க்யூ என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் வைத்திருந்த உடலுக்கு அஞ்சலி செலுத்த, தேம்ஸ் நதியின் தென்கரையில் மைல் கணக்கில் நின்ற வரிசை அது. புதன்கிழமை மாலை 5 மணிக்குத் தொடங்கி அடுத்த திங்கள் காலை 6.30 வரை இரவு பகலாக நகர்ந்துகொண்டே இருந்தது. வரிசையின் கடைசி இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அரசாங்கமே யூடியூப்பில் நேரலையாகக் காட்டியது.

நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். எங்கள் பிரிவில் ஆளுக்கொரு நாட்டுப் பூர்வீகம். அதனால் அந்த வாரம் சாப்பாட்டு மேஜையில் இந்த நாட்டின் எல்லா மனநிலையையும் ஒரே இடத்தில் கேட்க முடிந்தது. எங்கள் மேலாளர் ஆங்கிலேயர். அவருடைய அம்மா 1952-இல் ராணியின் அப்பா ஆறாம் ஜார்ஜுக்காக வரிசையில் நின்றவராம். அப்போது 3 லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். "அம்மா நின்றார், நானும் நிற்பேன்" என்பதற்கு மேல் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. அயர்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். "இறந்தவரைப் பற்றிக் குறையாகப் பேசமாட்டேன், ஆனால் போகவும் மாட்டேன்" என்று முடித்துக்கொண்டார். பயிற்சிக்கு வந்த இளம்பெண்ணுக்கு ராணியைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. முடியாட்சி வேண்டாம் என்று தெருவில் குரல் எழுப்பிய சிலரைப் போலீஸ் கைது செய்ததில்தான் அவளுக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயமானது என்று நானும் நினைத்தேன்.

எனக்கு மிகவும் நெருக்கமான சீனியர் அம்மா ஜமைக்கா வம்சாவளி. அவருடைய அப்பா ஐம்பதுகளில் இங்கே வந்து பஸ் ஓட்டியவர். வாடகை வீட்டுக் கதவில் "கறுப்பர்களுக்கு இல்லை" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் திரும்பியவர். "அவர் வந்ததே அந்த ராஜ குடும்பத்தின் படத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்த்து வளர்ந்த நம்பிக்கையில்தான். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

திருச்சியிலிருந்து தம்பி குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினான்: "போறதுதான் போற, கோஹினூரைக் கையோட வாங்கிட்டு வந்துடு." சவப்பெட்டியின் மேல் இருந்த கிரீடத்தில் கோஹினூர் இல்லை. அது ராணியின் அம்மாவுடைய கிரீடத்தில் இருக்கிறது. இதில் இருப்பது தென்னாப்பிரிக்காவில் எடுத்த கல்லினன் வைரத்தின் ஒரு துண்டு. ஆனால் தம்பி கேட்டது கல்லைப் பற்றி இல்லை, எனக்கும் அது தெரியும். 1997-இல் ஜாலியன்வாலா பாக்குக்கு வந்த ராணி மலர்வளையம் வைத்தார், தலை குனிந்து நின்றார், மன்னிப்புக் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த உறுத்தலோடுதான் போனேன்.

ஏன் போனேன்? 2021 மே மாதம் அப்பா கொரோனாவில் போய்விட்டார். ஏப்ரல் 23 முதல் இந்தியா பிரிட்டனின் கொரோனா பயணக் கட்டுப்பாட்டுச் சிவப்புப் பட்டியலில் இருந்தது. கிடைக்கிற விமானத்தைப் பிடித்துப் போனாலும் திரும்பி வரும்போது ஹோட்டலில் தனிமை, வேலையில் அத்தனை நாள் விடுப்பு கிடையாது, கைக்குழந்தை வேறு. தம்பி வீடியோ காலில் காட்ட, கொள்ளி வைப்பதை ஃபோனில் பார்த்தேன். அதற்குச் சில வாரம் முன்னால்தான், ஏப்ரல் 17-ஆம் தேதி, கணவர் ஃபிலிப்பின் இறுதிச் சடங்கில் விண்ட்சர் தேவாலயத்தில் ராணி முகக்கவசத்தோடு தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்ததை டிவியில் பார்த்திருந்தேன். 30 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதி ஊருக்கும் அவருக்கும் ஒன்றாகவே இருந்தது. அப்பா போனபிறகு அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவே இல்லை. பேரரசைப் பற்றி எனக்குள்ள கருத்து ஒன்று. 96 வயதில் இறந்த அந்தக் கிழவியிடம் எனக்கு இருந்த பிரியம் வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், குழந்தையை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார், நான் பெர்மண்ட்சி பக்கம் போய் வரிசையின் கடைசியைப் பிடித்தேன். முதல் வேலையாகக் கையில் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டினார்கள். அதில் ஒரு நிறம், ஒரு எண். கழிப்பறைக்கோ டீ வாங்கவோ போய்விட்டு வந்து அதே இடத்தில் நிற்க அதுதான் சாட்சி. கையில் ஒரே ஒரு சின்னப் பை, அதற்கும் அளவு உண்டு. உட்கார வழியில்லை, ஏனென்றால் வரிசை நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டடி, ஐந்தடி, திடீரென்று கடகடவென்று நூறடி.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னை வாட்டியது குளிர் இல்லை, பேச்சில்லாமைதான். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது வானிலையைப் பற்றி ஒரு வரி சொல்வார், அவ்வளவுதான். ஆனால் வரிசையில் நிற்கும் ஆங்கிலேயர் வேறு ஆள். ஒரே இடத்துக்கு, ஒரே வேகத்தில், முன்னால் இருப்பவரைத் தாண்டாமல் போகப்போகிறோம் என்று முடிவாகிவிட்டால் அவர்களுக்குக் கூச்சம் போய்விடுகிறது. டவர் பிரிட்ஜ் வருவதற்குள் என் முன்னால் நின்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைக்கு என் ஊர், அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் தெரிந்துவிட்டது. பின்னால் நின்ற நைஜீரிய அண்ணனும் தங்கையும் பெரிய டப்பா நிறைய வாழைக்காய் வறுவல் கொண்டுவந்திருந்தார்கள். ஆசிரியையிடம் ஃபிளாஸ்க், என்னிடம் புளியோதரை. எல்லாம் கைமாறியது. யாராவது கழிப்பறைக்குப் போனால், "அவர் எங்களோடு இருப்பவர்" என்று மற்றவர்கள் இடம் காத்தார்கள். இந்த நாட்டில் என்னை "எங்களோடு இருப்பவர்" என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்லி நான் கேட்டது அந்த ராத்திரிதான். முதல் நாள் வரிசையின் முதல் ஆளாக நின்றவர் இலங்கையிலிருந்து இங்கே வந்து குடியேறிய பெண் என்று நான் சொன்னதும், ஆசிரியைக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நடுராத்திரிக்கு மேல் லண்டன் ஐ என்ற ராட்சத ராட்டினத்தைக் கடந்து, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தாண்டினால் ஆற்றங்கரையில் ஒரு நீண்ட சுவர். அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில் கையால் வரைந்த இதயங்கள், லட்சத்துக்கும் மேல். கொரோனாவில் இறந்தவர்களுக்காகக் குடும்பத்தினர் 2021 மார்ச்சில் வரையத் தொடங்கியவை. எதிர்க்கரையில் பாராளுமன்றம், அதை ஒட்டி ராணி கிடத்தப்பட்டிருக்கும் ஹால். அதுவரை கலகலவென்று வந்த வரிசை அங்கே தானாக அடங்கியது. ஆசிரியை சுவரோரம் போய்க் குனிந்து தேடி, சாயம் வெளுத்த ஒரு இதயத்தில் விரலை வைத்தார். முதியோர் இல்லத்தில் இருந்த கணவர், 2020 ஏப்ரலில் போனவர். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் கடைசியாகப் பார்த்தாராம். நான் அப்பாவைச் சொன்னேன். அவர் பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் காலியாக இருந்த ஒரு இதயத்துக்குள் அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதினேன்.

அந்த வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "ஒரு பணக்காரக் குடும்பத்துக்காக இப்படி அழுகிறார்களே" என்று எழுதியவர்கள் உண்டு. என்னைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் தங்களுடைய சாவைத்தான் சுமந்து வந்திருந்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் கூடி அழ முடியாமல் போன சாவுகள். அழுவதற்கு நாடே ஒரு இடம் ஒதுக்கி, நேரமும் குறித்துக் கொடுத்தபோது வந்துவிட்டார்கள்.

ஹாலுக்குள் நடந்தது சில நிமிடம்தான். அதற்கு முன் விமான நிலையம்போலச் சோதனை. தண்ணீர், சாப்பாடு எதுவும் உள்ளே போகக்கூடாது. படியிறங்கும்போது மேலே பார்த்தால் ஓக் மரத்தில் செய்த பிரம்மாண்டமான கூரை. 11-ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம். ஒரு காவலர் தடியால் கல்தரையைத் தட்டினார், உயர்ந்த மேடையைச் சுற்றி அசையாமல் நின்ற வீரர்கள் மாறினார்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை அப்படி மாறினார்கள். ஆசிரியை முழங்காலை மடக்கி வணங்கினார். நைஜீரிய அண்ணன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நான் கைகூப்பிவிட்டு நகர்ந்தேன். இப்படித்தான் வணங்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் வந்த நாட்களில் வரிசை பெரும்பாடாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையிலேயே வரிசையின் கடைசி இருந்த சதக் பூங்கா நிரம்பி, கொஞ்ச நேரம் யாரையும் சேர்க்கவில்லை. ஒரு கட்டத்தில் காத்திருப்பு 24 மணி நேரத்தைத் தாண்டியது. கால்பந்து வீரர் டேவிட் பெக்கம் 12 மணி நேரத்துக்கு மேல் எல்லோரோடும் நின்று போனார். அந்த ஒன்றிலேயே ஊருக்கு அவர் செல்லப்பிள்ளையாகிவிட்டார். அதே வாரம், எம்.பி.க்கள் நிற்காமல் போகலாம், கூட விருந்தினர்களையும் கூட்டிப்போகலாம் என்று தெரிந்தபோது வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. முடியாட்சியில் பிறப்பாலேயே ஒருவர் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார். அதைப் பொறுத்துக்கொள்ளும் மக்கள், அவருடைய சாவுக்கு வந்த இடத்தில் ஒருவர் குறுக்கே புகுந்தால் பொறுத்துக்கொள்வதில்லை. இந்த ஊர்க்காரர்களிடம் எனக்கு மிகவும் பிடித்துப்போன குணம் அது.

மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் பேர் ராணியைப் பார்த்திருக்கிறார்கள் என்று பிறகு அரசாங்கம் சொன்னது.

வேலைக்குத் திரும்பியதும் சீனியர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பற்றிச் சொன்ன இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ உன் அப்பாவுக்காகப் போனாய், நல்லது செய்தாய். நான் என் அப்பாவுக்காகப் போகாமல் இருந்தேன்" என்றார். அடுத்த வருஷம் மே 6-ஆம் தேதி சார்லஸுக்கு முடிசூட்டு விழா. அன்று சனிக்கிழமை ஷிஃப்டுக்கு ஆள் தேவைப்பட்டபோது அவர் முதலில் பெயர் கொடுத்தார், அடுத்த பெயர் என்னுடையது. டிவியை யாரும் போடவில்லை, மதியம் வரைக்கும் ரத்த மாதிரிகள் வந்துகொண்டே இருந்தன.